திருமுருகனுக்குத் தெரியாத முகம்

தாலியின் மூன்றாவது முடிச்சு விழுந்த நொடியிலிருந்து திருமுருகனின் கண்ணுக்கு அவன் மனைவி அருணாவின் முகம் தெரியாமல் போயிற்று. கல்யாணம் திண்டிவனத்தில், மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு மண்டபத்தில், ஆவணி மாதக் காலை முகூர்த்தத்தில் நடந்தது. அந்த வருடம் மல்லாட்டைக் கடலை நல்ல விலைக்குப் போயிருந்ததால் மண்டபம் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. முதல் முடிச்சை அவன் போட்டான், மற்ற இரண்டையும் அவன் அக்கா போட்டாள். குனிந்திருந்தவன் நிமிர்ந்தபோது நெற்றிச்சுட்டி இருந்தது, கழுத்தில் மாலை இருந்தது, நடுவில் இருக்க வேண்டியது இல்லை. ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை போல அந்த இடம் மங்கலாகக் கிடந்தது. மூக்குத்தி மட்டும் அதில் தனியாக மின்னியது. ஹோமப் புகை என்று நினைத்துக் கண்ணைக் கசக்கினான். போட்டோ எடுப்பவர் மாப்பிள்ளையைச் சிரிக்கச் சொன்னார். சிரித்தான். மற்ற எல்லோருக்கும் அவள் முகம் தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் இலையை விட்டுவிட்டு எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து ஆல்பம் வந்தபோது அதிலும், எல்லாப் பக்கத்திலும், அவனுக்கு அந்த இடம் துடைத்தே இருந்தது.

திருமுருகன் வளவனூர்ப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடும் குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. விழுப்புரத்தில் ரயில்வே நிலையத்துக்குப் போகும் சாலையில் மோட்டார் பம்ப் கடை வைத்திருந்தான். ஆள் நல்ல உயரம், சிவப்பு, சுருட்டை முடி. தண்ணீர் மோட்டார் வாங்க வருகிறவர்கள், வேலை முடிந்த பிறகும் அவனைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். அவனுக்கு வரும் பெண் அவன் பக்கத்தில் நின்றால் ஜோடியாக இருக்க வேண்டும் என்று அவன் அம்மா பூமாலை சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தாள். அதை அவன் அப்படியே எடுத்துக்கொண்டான். நான்கைந்து வருடம் பெண் பார்த்தான். பனையபுரத்துப் பெண்ணுக்கு நெற்றி ஏறியிருந்தது. செஞ்சிப் பக்கத்துப் பெண்ணுக்குக் கழுத்துக் குட்டை. கண்டாச்சிபுரத்தில் ஒரு பெண், நர்ஸிங் முடித்தவள், அவனோடு போனில் இரண்டு மாதம் பேசியிருந்தாள். அவள் போன் வரும் நேரத்துக்கு அவன் கடையை விட்டு வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றுகொள்வான், சிரித்துச் சிரித்துப் பேசுவான். நேரில் பார்த்த அன்று, அவள் சிரிக்கும்போது ஈறு தெரிகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போய்விட்டான் என்று அந்தப் பெண்ணின் அப்பா சந்தையில் நின்று பலபேரிடம் சொன்னார். பிற்பாடு அவனுக்கு நடந்ததெல்லாம் அந்த வயிற்றெரிச்சல்தான் என்று சொன்னவர்கள் உண்டு. வேறு எத்தனையோ பேர் இதேபோல் பெண்களைத் தள்ளிவிட்டு, கட்டியவள் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறார்களே என்று கேட்டவர்களும் உண்டு.

அருணா பிரம்மதேசத்துச் சுப்பராயலுவின் மகள். பத்து வயதிலிருந்தே அவள் அழகு அந்த ஊருக்குத் தெரிந்த விஷயம், ஏரியில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பதைப் போல. திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போனாள். அவள் ஏறும் நிறுத்தத்தில் பஸ் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக நின்றது. பையன்கள் இரண்டு பேர் அவளுக்காகக் கையை அறுத்துக்கொண்டார்கள், அவள் அவர்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இரண்டாவது வருடத்தில் சுப்பராயலு அவளை நிறுத்திவிட்டார். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். அது யாருக்கும் தேவைப்படவில்லை. கூட்டுறவு வங்கியில் வேலை செய்யும் ஒருவர் பெண் கேட்டு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு படிப்பை முடிக்கலாம் என்றார். ஆனால் அவருக்கு ஒரு கண் வேறு பக்கம் பார்க்கும். அடுத்த வாரமே திருமுருகனின் போட்டோ வந்தது. அருணா அதை வாங்கிப் பார்த்தாள், வங்கிக்காரர் வேண்டாம் என்று தன் வாயாலேயே சொன்னாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு திருமுருகன் யாரிடமும் சொல்லாமல் பாண்டிச்சேரியில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனான். கண்ணில் ஒரு குறையும் இல்லை, எறும்புக் காலைக்கூடப் பார்க்கலாம் என்றார்கள். சென்னையில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தான். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் அமாவாசைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றினான். எதனாலும் ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில், ஒரு நாள் காலை காபி குடிக்கும்போது அருணாவிடமே சொன்னான்.

"எம்மூஞ்சி தெரியலையா?" என்றாள் அருணா. "அப்ப இத்தினி நாளு பக்கத்துல படுத்துக்கினு இருந்தது யாருன்னு நெனச்சீங்க?"

சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தாள். முகம் அங்கே இருந்தது. திரும்பி வந்து சிறிது நேரம் அழுதாள். பிறகு மிச்சமிருந்த காபியைக் குடித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. அவன் எதிரில் வாயைத் திறந்துகொண்டு சாப்பிட்டாள். அவன் மாமன் வீட்டுப் பெருமை பேசும்போது நாக்கைத் துருத்திக் காட்டினாள். பிறந்ததிலிருந்து யாராவது பார்த்துக்கொண்டே இருந்த முகம், இந்த ஒரு ஆளுக்கு எதிரில் மட்டும் இஷ்டப்படி இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. கடைக்கு வந்து கணக்குப் பார்க்க ஆரம்பித்தாள், மூன்று மாதத்தில் கடையின் வரவு செலவு முழுவதும் அவள் கைக்கு வந்தது. அவன் அவளைக் குரலால் தெரிந்துகொண்டான். கோபம் வந்தால் அவள் குரல் இறங்கும், பொய் சொன்னால் கடைசி வார்த்தை கொஞ்சம் நீளும். வங்கிக்காரரின் கண்ணைச் சொல்லி வேண்டாம் என்றதை அவள் அவனிடம் ஒரு மாலை சொன்னாள். அவன் கண்டாச்சிபுரத்துப் பெண்ணைப் பற்றிச் சொன்னான். அவர்கள் வாழ்க்கையில் நன்றாக இருந்த காலம் அந்தச் சில மாதங்கள்தான். அப்போது அது அவர்களுக்குத் தெரியவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் அருணாவைப் பார்த்தார்கள். அவர்கள் பார்ப்பதைத் திருமுருகன் பார்த்தான். பேசிக்கொண்டிருக்கும் ஆள் பாதியில் நிறுத்தி அவள் பக்கம் திரும்புவதும், திரும்பிய முகம் தளர்வதும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. தான் தேடிப் பிடித்துக் கொண்டுவந்த ஒன்றை ஊரே அனுபவிக்கிறது, தனக்கு மட்டும் இல்லை என்று அவனுக்குள் ஏறியது. கடையில் தென்னரசு என்று ஒரு மோட்டார் காயில் கட்டும் ஆள் இருந்தான். இரண்டு பிள்ளைக்காரன், தலை நிமிராமல் வேலை செய்கிறவன். ஒரு நாள் திருமுருகன் அவனைக் கூப்பிட்டு, இன்றைக்கு அருணா எப்படி இருக்கிறாள் என்று கேட்டான். தென்னரசுக்கு விளங்கவில்லை. திருமுருகன் அவனிடம் தன் கண் விஷயத்தைச் சொன்னான்.

"நல்லா இருக்காங்கண்ணே" என்றான் தென்னரசு.

"நல்லான்னா? எது நல்லா?"

தென்னரசு கையிலிருந்த செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே நின்றான். முதலாளி விடவில்லை. கடைசியில் சொன்னான்: "சிரிச்சா இந்தப் பக்கம் கன்னத்துல சின்னதா ஒரு கோடு விழுதுண்ணே. சிரிச்சி முடிச்சப்புறமும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்குது."

திருமுருகன் அன்று முழுவதும் அந்தக் கோட்டையே நினைத்துக்கொண்டிருந்தான். மறுநாளும் கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான். முதலாளி வீட்டுப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தறியாத தென்னரசு, சாயங்காலம் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே அவளைப் பார்க்கத் தொடங்கினான். பொட்டு மாறியதைச் சொன்னான், புருவம் எடுத்ததைச் சொன்னான். பொங்கல் கழிந்து ஒரு நாள், அவங்களுக்குக் கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கறுத்திருக்கிறது, ராத்திரி தூங்கவில்லை போல என்றான்.

"அவ தூங்கலன்னு உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டான் திருமுருகன்.

தென்னரசு அன்றோடு வேலையை விட்டு நிறுத்தப்பட்டான். ஒரு வாரம் கழித்து அருணாவும் கடைக்கு வருவது நின்றது. பிறகு தெருவுக்கு வருவது நின்றது. திருமுருகன் அவளை அடித்ததில்லை, குடித்ததில்லை, வேறு பெண்ணிடம் போனதில்லை. வாசல் ஜன்னலுக்குத் தகரம் அடித்தான். கல்யாணப் போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டான். அதன் பிறகு ஒரு நாள் பீரோக் கண்ணாடியைக் கழற்றினான், கைக்கண்ணாடியை எடுத்தான், பாத்திரங்களில் பளபளப்பான எவர்சில்வரை அம்மா பிறந்த ஊருக்கு அனுப்பிவிட்டு அலுமினியம் வாங்கிப் போட்டான். எனக்கு இல்லாதது உனக்கு மட்டும் எதற்கு என்று கேட்டான். அதை நியாயம் என்று நினைத்துத்தான் கேட்டான். அவளிடம் இருந்த செல்போன் கேமராவில் ஊசியால் கீறல் போட்டுக் கொடுத்தான்.

அந்த வீட்டில் அருணாவின் முகத்தைப் பார்க்கக்கூடியவள் பூமாலை ஒருத்திதான். பூமாலை பார்த்தாள். மகன் சாப்பிட்டானா, மருமகள் சாப்பிட்டாளா என்பதைத் தவிர அவள் அந்த வருடங்களில் அதிகம் பேசியதாக யாருக்கும் ஞாபகமில்லை.

திருமுருகனுக்கென்று மிஞ்சியது விரல்கள். மதியம் மின்சாரம் போகும் நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, அவளை எதிரில் உட்காரவைத்து முகத்தைத் தடவிப் பார்ப்பான். முதலில் அது ஆசையாகத்தான் இருந்தது, அவளும் கண்ணை மூடிக்கொள்வாள். மோட்டார் பேரிங்கில் எங்கே தேய்மானம் என்று விரலாலேயே கண்டுபிடிக்கிறவன் அவன். நெற்றி, புருவமேடு, மூக்கின் தண்டு என்று அவன் கை அவளை மனப்பாடம் செய்தது. மனப்பாடம் ஆன பிறகு ஒப்பிடத் தொடங்கியது. நான்காவது வருடம் ஒரு நாள், தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

"கன்னம் ஒட்டிப் போச்சி" என்றான். "முன்ன இப்படி இல்ல."

"உங்க கையிலதான் காப்புக் காச்சிக் கெடக்குது" என்றாள் அருணா. அவள் குரல் இறங்கியிருந்தது. அவனுக்கு அது கோபம் என்று தெரியும். தெரிந்தும் மறுபடி கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, ஆமாம், ஒட்டித்தான் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனான்.

அதற்கடுத்த வைகாசியில் பூமாலையின் தம்பி மகளுக்குத் திண்டிவனத்தில் கல்யாணம் வைத்தார்கள். துணி எடுக்கப் போகும்போது மருமகளும் கூட வர வேண்டும் என்று பூமாலை மகனிடம் பிடிவாதமாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, பையைத் தூக்க ஆள் வேண்டும் என்றாள். அருணா வெகுநாளைக்குப் பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு போனாள். ஜவுளிக் கடையில் மாடிக்கு ஏறும் வழியில் சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அருணா துணிப்பையோடு ஏறிப் போனாள். எதிரில் பையோடு ஒரு பெண் வந்தாள். அருணா அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். அந்தப் பெண்ணும் ஒதுங்கி நின்றாள். "நீங்க போங்க" என்றாள் அருணா. பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள். பூமாலை சிரிக்கவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு வந்தாள், துணி எதுவும் எடுக்காமலேயே பஸ் நிலையத்துக்கு வந்து, ஒரு டீயை வாங்கிக் கொடுத்தாள்.

"பிரம்மதேசம் பஸ் அதோ நிக்குது" என்றாள். "நீ இப்படியே ஏறிப் போயிடு. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"இன்னான்னு அத்தே சொல்லுவீங்க?"

"நாந்தான் அனுப்பிச்சேன்னு சொல்றேன்." பூமாலை புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "உங்க மாமனாரு எம்மூஞ்சிய ஒரு நாளும் பார்த்ததில்லம்மா. சோறு போட்டா தட்டப் பார்ப்பாரு. அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்துது. எனக்கு அந்த மாதிரியாவது வுட்டுட்டாங்க, நான் பாட்டுக்கு இருந்தேன். உனக்கு அதுவும் இல்ல. போ. ஜல்தி ஏறு, சீட்டு போயிடும்."

அருணா ஏறிக்கொண்டாள். பூமாலை தனியாக விழுப்புரம் திரும்பினாள். மகனிடம் சொன்னபடியே சொன்னாள். அவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, மூன்றாம் நாள் மாமனார் வீட்டுக்குப் போனான். பிரம்மதேசத்தில் பெரியவர்கள் கூடினார்கள். சுப்பராயலுவுக்கு மகள் வந்து உட்கார்ந்தது பெரிய தலைக்குனிவு. மாப்பிள்ளை கை நீட்டியிருக்கிறாரா என்று கேட்டார்கள், இல்லை என்றாள். குடியா, சூதா என்று கேட்டார்கள், இல்லை. சோறு துணிக்குக் குறைவா, இல்லை. அப்புறம் என்ன என்றார்கள். அவருக்கு என் முகம் தெரியாது என்றாள். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், அதற்காக ஒருத்தி வாழ்க்கையை விட்டுவிட்டு வருவாளா என்று கேட்டார்கள். திண்டிவனத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தாள். அவரும் இதற்குச் சட்டத்தில் இடம் இருப்பதாகத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். அருணா திரும்பிப் போகவும் இல்லை, யாரோடும் சண்டை போடவும் இல்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றாளே, அதே ஜவுளிக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். விட்டுப்போன படிப்பை அஞ்சல் வழியில் முடித்தாள். முதல் வருடம் முழுவதும் அந்த மாடிப்படிக் கண்ணாடியைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போனாள். அதன் பிறகு அது அவளுக்கு வெறும் சுவராகிவிட்டது.

திருமுருகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்தார்கள். விழுப்புரத்தில் கல்யாணத் தரகு பார்க்கும் மாசிலாமணி, கடைக்கு வந்து செல்போனில் ஒவ்வொரு போட்டோவாகக் காட்டினார். முதல் இரண்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவன், மூன்றாவதைக் கண்டதும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல மூஞ்சி இல்லையே" என்றான்.

மாசிலாமணி வாங்கிப் பார்த்தார். அவரிடம் இருந்ததிலேயே லட்சணமான பெண் அவள்தான். அவருக்கு ஏதோ தட்டுப்பட்டது. இன்னும் பத்துப் பதினைந்து காட்டினார். சுமாரான பெண்களையெல்லாம் திருமுருகன் தெரியுது, தெரியுது என்று தள்ளினான். ஆள் மயங்கும் அழகு என்றால், தெரியல என்றான். எந்த முகம் அவன் மனதுக்குப் பிடிக்கிறதோ அந்த முகம் பிடித்த கணமே அவனுக்கு அழிந்துபோயிற்று. பிடிக்காத முகங்கள் மட்டும் மூக்கும் முழியுமாகத் துல்லியமாக நின்றன. தனக்குப் பிடித்த பெண்ணைத் தன்னால் பார்க்கவே முடியாது என்று அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கல்யாணப் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் மாசிலாமணி நிற்கவில்லை. போட்டோவில் வெள்ளையடித்து, கன்னத்தை ஒட்டி, கண்ணைப் பெரிதாக்கி அனுப்புகிற காலம் அது. மாப்பிள்ளை வீட்டாருக்கு யாரையும் நம்ப முடியவில்லை. திருமுருகனின் கண்ணை மட்டும் எந்தப் பவுடராலும் எந்த போன் வித்தையாலும் ஏமாற்ற முடியாது என்று மாசிலாமணி ஒன்றிரண்டு பேரிடம் சொன்னார். அவர்கள் வந்து காட்டிப் பார்த்தார்கள். சொன்னது சரியாக இருந்தது. ஒரே வருடத்தில் அது விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வரை வழக்கமாகிவிட்டது. மோட்டார் கடையில் ஒரு பெஞ்சு போட்டார்கள். செவ்வாய், சனி தவிர மற்ற நாட்களில் காலையிலேயே ஆட்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். திருமுருகன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்ப்பான், தெரியல என்றோ தெரியுது என்றோ சொல்லித் திருப்பிக் கொடுப்பான். காசு வாங்கமாட்டான். தெரியாத பெண்களின் அப்பாக்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தெரிகிற பெண்களின் அப்பாக்கள் பேசாமல் எழுந்து போனார்கள், பிறகு நகையைக் கூட்டினார்கள், இல்லையென்றால் வயதான மாப்பிள்ளையாகத் தேடினார்கள். அழகு என்பதை விட்டுவிட்டு, அந்தப் பெண் தெரியாதவள், இந்தப் பெண் தெரிகிறவள் என்று சொல்வது அந்தப் பக்கத்தில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட அதைச் சொல்லி ஒருத்தியை ஒருத்தி அழவைத்தார்கள்.

வளவனூரில் சின்னக்கண்ணு என்று ஒருவரின் மகள், பி.எட். முடித்தவள், ஒரு பையனை விரும்பினாள். இரண்டு வீட்டிலும் சம்மதித்துத் தட்டும் மாற்றியாகிவிட்டது. ஏதோ விளையாட்டாக, நாமும் ஒரு தரம் காட்டிப் பார்ப்போமே என்று அந்தப் பையன்தான் போனைக் கொண்டுவந்து காட்டினான். திருமுருகன் தெரியுது என்றான். பையன் சிரித்துக்கொண்டேதான் திரும்பிப் போனான். ஆனால் அன்றிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அந்த வார்த்தை நடுவில் வந்து நின்றது. பதினைந்து நாளில் பேசுவதைக் குறைத்தான், ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டான். அவள் திருமுருகனின் கடைக்கு நேரில் வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை, எதிரில் நின்றாள்.

"என்னப் பாருங்கண்ணே" என்றாள். "இன்னா தெரியுது?"

அவன் பார்த்தான். அகலமான முகம், மோவாயில் ஒரு தழும்பு, களைத்த கண்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. வேறு பதில் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியும் வாயிலிருந்து வந்தது பழகிய வார்த்தைதான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அந்த வாரக் கடைசியில் வளவனூர்ச் சுடுகாட்டுக்கு அவளைக் கொண்டுபோனார்கள். திருமுருகன் போயிருந்தான், தூரத்தில் நின்றான். பெஞ்சை எடுத்து உள்ளே போட்டான். சில மாதங்கள் யார் போனையும் வாங்கவில்லை. பிறகு மாசிலாமணி பெரிய இடம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்து கையைப் பிடித்துக் கேட்டார். பெஞ்சு மறுபடி வெளியே வந்தது.

கொரோனா வந்த வருடம் ஊரே முகத்தை மூடிக்கொண்டு நடந்தது. அந்த ஒரு வருடம் அவனுக்கு நிம்மதியாக இருந்தது என்று அவனே சொல்லியிருக்கிறான். யாருடைய முகமும் யாருக்கும் தெரியவில்லை, கடையில் மோட்டாரைப் பற்றி மட்டும் பேச முடிந்தது.

அது அடங்கி இரண்டு மழை கழிந்து, ஐப்பசியில் பூமாலை இறந்துபோனாள். காலையில் அடுப்பருகே உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பந்தல் போட்டு, உடம்பைக் கிடத்தி, சொந்தங்கள் வந்துகொண்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொள்ளும் முன் எடுத்துவிட வேண்டும் என்று ஆளாளுக்கு அவசரப்பட்டார்கள். திருமுருகன் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான். மாலையோடு ஒரு பெண் வந்தாள். வயது முப்பத்தைந்து, நாற்பது இருக்கும். மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள், கன்னத்தில் மங்கு படர்ந்திருந்தது, காதோரம் முடி கொட்டி நெற்றி அகன்றிருந்தது. அம்மா வழிச் சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்தான். ஆள் தெரியாமல் விட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று, எந்த ஊரும்மா என்று கேட்டான்.

"பிரம்மதேசம்" என்றாள்.

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். நீட்டிய கையை எடுக்க மறந்து நின்றான். கல்யாண மண்டபத்தில் குனிந்து நிமிர்ந்த நாளுக்குப் பிறகு அருணாவின் முகத்தை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். மூக்குத்தி அதே இடத்தில், மூக்கின் மேல் இருந்தது. கண், உதடு எல்லாம் இருந்தது, ஒரு இடமும் மங்கவில்லை. அவன் பார்க்கிற விதத்தைப் பார்த்தே அவள் புரிந்துகொண்டாள். அவனுக்கு ஒரு முகம் தெரிந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த மாவட்டத்தில் தெரியாத பெண் இல்லை.

"தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது."

அருணாவின் புடவைத் தலைப்பு தோளில் இருந்தது, அவள் அதைத் தலைக்கு இழுக்கவில்லை. "சரி" என்றாள். "தள்ளிக்கோங்க. அத்தைக்கு மாலை போடணும்."

உள்ளே போய் மாலை போட்டாள். பூமாலையின் முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, யாரும் எதிர்பார்க்காத அளவுக்குச் சத்தமாக அழுதாள். வாய்க்கரிசி போட்டாள். எடுத்த பிறகு மற்றப் பெண்களோடு சேர்ந்து வீட்டைக் கழுவிவிட்டாள். ஜன்னலில் அடித்திருந்த தகரத்தை யாராவது கழற்றினால் காற்று வரும் என்று பொதுவாகச் சொன்னாள். திண்டிவனம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினாள். வண்டியில் கொண்டுவந்து விடட்டுமா என்று திருமுருகன் கேட்டான். வேண்டாம், நடந்தே போய்க்கொள்கிறேன் என்றாள்.

கருமகாரியம் முடிந்த பிறகு திருமுருகன் பெஞ்சை உடைத்து அடுப்புக்குப் போட்டுவிட்டான். மாசிலாமணிக்கு வருத்தம்தான். அவர் வேறு ஊரில் வேறு வழி பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருமுருகன் திண்டிவனம் பஸ் ஏறிப் போகிறான். ஜவுளிக் கடைக்கு எதிர்ப்பக்கத்து டீக்கடையில் நின்று, கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பில் போட்டுக்கொண்டிருக்கும் அருணாவைப் பார்க்கிறான். அந்த முகம் மங்க வேண்டும், நெற்றியிலிருந்தோ கன்னத்திலிருந்தோ கொஞ்சமாவது அழியத் தொடங்க வேண்டும் என்று கண் கொட்டாமல் பார்க்கிறான். அவள் போடும் கணக்கை நினைத்துக்கொள்கிறான், காபி டம்ளரோடு அவள் கேட்ட கேள்வியை நினைத்துக்கொள்கிறான், அவள் குரலை நினைத்துக்கொள்கிறான். டீக்கடைக்காரருக்கும் விஷயம் தெரியும். இன்றைக்கு எப்படி என்று கேட்பார். தெரியுது என்பான் திருமுருகன். அருணா சில நாட்களில் அவனைக் கவனித்துத் தலையசைக்கிறாள், சில நாட்களில் கூட்டம் அதிகமாக இருந்தால் கவனிப்பதில்லை. ஐந்து மணி பஸ்ஸில் அவன் விழுப்புரம் திரும்புகிறான். அவள் முகம் அதன் பிறகு ஒரு நாளும் அவனுக்கு மறையவில்லை.